கேட்டதால் எழுதப்பட்டவர்கள்

1774 ஏப்ரலில், ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஷெட்லாந்துத் தீவுகளிலுள்ள லெர்விக் துறைமுகத்தில், சுங்க அதிகாரிகள் ஒரு கப்பலின் பயணிகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். வயது என்ன, தொழில் என்ன, யாருடைய நிலத்தில் குடியிருந்தீர்கள், எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள்? அன்று பதில் சொன்னவர்களில் ஒருவர் வில்லியம் கோர்டன். சதர்லாந்தில் கிளைன் என்ற திருச்சபைச் சேகரத்தைச் சேர்ந்த குடியானவர். வயது அறுபதுக்கு மேல், கால் ஊனம். ஆறு பிள்ளைகளோடும், இரண்டு மகன்களின் மனைவி மக்களோடும் வட கரோலினாவுக்குப் புறப்பட்டிருந்தார்.

அவர் சொன்னதை அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே குடியேறிவிட்ட இரண்டு மகன்கள் வரச்சொல்லிக் கடிதம் எழுதினார்கள். பாட்டனார் எட்டு மெர்க் (பழைய ஸ்காட்டிஷ் நாணயம்) குத்தகை கட்டிய அதே நிலத்துக்குத் தான் அறுபது மெர்க் கட்ட வேண்டியிருந்தது. 1771ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மாடுகள் செத்துப்போயின. நிலம் அடிக்கடி கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் குத்தகை ஏறியது. கடைசியாக வாங்கியவர் மொத்த நிலத்தையும் ஒரே இடைக் குத்தகைதாரரிடம் விட்டுவிட்டார். அந்தக் குத்தகைதாரருக்கும் அதில் லாபம் வேண்டுமே. பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் கிளம்புகிறேன், எனக்கோ வயதாகிவிட்டது, எந்த நாட்டில் செத்தாலும் ஒன்றுதான் என்கிறார் கிழவர்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கள் ஸ்காட்டிஷ் மூதாதையைத் தேடுபவர்கள் பல லட்சம் பேர். இப்படி ஒரு பக்கம் கிடைக்காதா என்று ஆண்டுக்கணக்காக ஆவணங்களைப் புரட்டுகிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு சேகரம். ஏன் கிளம்பினார் என்பதற்கு விடை இருக்காது. அந்த இடைவெளியை வீட்டுக் கதைகள் நிரப்பும்: கூட்டத் (கிளான்) தலைவனின் வாரிசு, அரசுப் படையிடம் கிளர்ச்சிக்காரர்கள் தோற்ற கலோடன் போரில் தப்பியவர், எரியும் வீட்டைத் திரும்பிப் பார்த்தபடியே கப்பல் ஏறியவர். இவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கோர்டனின் தாளில் உள்ள எட்டு மெர்க்கும் அறுபது மெர்க்கும் எந்தக் குடும்பக் கதையிலும் வாழ்வதில்லை. குத்தகைக் கணக்கைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்பவர் யார்?

இந்தத் தாள் பிறந்த காரணம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். கோர்டனின் கதையைக் கேட்கும் ஆசை லண்டனில் யாருக்கும் இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலிருந்து (ஹைலண்ட்ஸ்) ஆட்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1773 இலையுதிர்காலத்தில் ஸ்கை தீவுக்குப் போன எழுத்தாளர்கள் சாமுவேல் ஜான்சனும் ஜேம்ஸ் பாஸ்வெல்லும், அங்கே ‘அமெரிக்கா’ என்ற பெயரில் ஒரு நடனமே ஆடப்பட்டதைப் பார்த்தார்கள். நிலக்கிழார்களுக்குக் குத்தகைக்காரர்கள் போய்விடுவார்களே என்ற பயம். அரசுக்குப் படைக்கு ஆள் குறையுமே என்ற பயம். 1773 டிசம்பரில் பிரிட்டிஷ் கருவூலம், வெளியேறும் ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், போகுமிடம், காரணம் எல்லாவற்றையும் பதிவு செய்யும்படி சுங்கத்துறைக்கு உத்தரவிட்டது. 1776 வரை அந்தப் பதிவு நடந்தது. அதில் உள்ள 9,364 பேரை வைத்துத்தான் வரலாற்றாசிரியர் பெர்னார்ட் பெய்லின் 1986இல் தன் பெரிய நூலை எழுதினார். இடையில், 1775 செப்டம்பரில், அமெரிக்கப் போர் மூண்ட நிலையில், ஸ்காட்லாந்திலிருந்து ஆட்களை ஏற்றிச் செல்வதே தடை செய்யப்பட்டது. அத்தோடு அவர்களைக் கேட்கும் தேவையும் போயிற்று.

சாதாரண மனிதர் ஆவணத்துக்குள் வருவது, அதிகாரம் உள்ள ஒருவருக்கு அவரிடமிருந்து ஏதோ வேண்டியிருக்கும்போதுதான். வரி, காணிக்கை, ஒழுக்கம், படைச்சேவை, கடன். மூதாதையைத் தேடுபவர் ஒவ்வொரு தாளிலும் இரண்டு பேரைப் படிக்க வேண்டியிருக்கிறது: பதில் சொன்னவர் ஒருவர், கேட்டவர் இன்னொருவர்.

லெர்விக்கில் பதில் சொன்னவர்களில் எலிசபெத் மெக்டொனால்ட் என்ற பெண்ணும் உண்டு. 29 வயது, கலியாணமாகாதவர், ஃபார் சேகரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். முன்பே போன நண்பர்கள், இங்கே கிடைப்பதைவிட நல்ல வேலையும் ஆதரவும் கரோலினாவில் கிடைக்கும் என்று சொன்னதால் கிளம்பியதாகச் சொல்கிறார். குத்தகை இல்லை, மாடு இல்லை, துரத்தியவர் யாரும் இல்லை. நல்ல வேலை தேடித் தனியாகக் கடல் கடக்கத் துணிந்த ஒரு பெண். ‘துரத்தப்பட்ட ஏழைகள்’ என்ற ஒற்றைப் படத்துக்குள் இவர் அடங்கமாட்டார். நம் கதைகளில் இப்படிப்பட்டவருக்கு இடம் வைப்பதே இல்லை.

இந்தத் தாளை மட்டும் நம்பி ஒரு குடும்ப வரலாற்றை எழுதிவிடவும் முடியாது. அவர்கள் ஏறிய ‘பேச்சலர்’ என்ற கப்பல் சுமார் 280 பேரோடு 1773 இலையுதிர்காலத்தில் வடக்குக் கரையிலிருந்து கிளம்பி, புயலில் அடிபட்டு, ஷெட்லாந்தில் குளிர்காலம் முழுவதும் முடங்கிக் கிடந்தது. கைக்காசெல்லாம் அங்கேயே கரைந்தது. கடைசியில் கப்பல் கரோலினாவுக்குப் போகவே இல்லை. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்துக்கே திரும்பிவிட்டது. பயணிகள் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக அவர் அக்கரை சேர்ந்தார் என்று எழுதிவிட முடியுமா? அந்தப் பெயர் அமெரிக்கக் கரையில் ஒரு நிலப் பத்திரத்திலோ உயிலிலோ மறுபடி தென்படும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை ‘ஹெக்டர்’ கப்பலுடையது. 1773 ஜூலையில் லாக் புரூமிலிருந்து 200 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களோடு கிளம்பி, செப்டம்பர் நடுவில் கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ சேர்ந்தது. வழியில் அம்மையிலும் வயிற்றுக்கடுப்பிலும் 18 குழந்தைகள் இறந்தன. சீர்படுத்திய நிலம் தயாராக இருக்கும் என்று நம்பி வந்தவர்கள், தண்ணீர் விளிம்புவரை அடர்ந்து நின்ற காட்டைப் பார்த்தார்கள். இந்தக் கப்பல் நிச்சயமாகச் சேர்ந்தது. ஆனால் அது கிளம்பியது கருவூலத்தின் உத்தரவுக்குச் சில மாதம் முன்னால். லெர்விக்கைப் போல யாரும் அவர்களை நிறுத்திக் கேட்கவில்லை. இன்று ‘ஹெக்டர்’ வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் நம்பியிருப்பது, உடன் வந்தவர் ஒருவர் பல பத்தாண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதிய பட்டியலைத்தான்.

கப்பலுக்கு முன்னால் போக வேண்டுமானால் சேகரப் பதிவேடுகளைத் திறக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரில் எர்ரல் சேகரத்தினுடையது, 1553இல் தொடங்குகிறது. ஆனால் மேட்டுநிலச் சேகரங்கள் பலவற்றில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் எதுவும் இல்லை. எழுதியவர்கள் எழுதியதும் சபைக்குத் தேவையானதை மட்டுமே. பிறந்த நாளைவிட ஞானஸ்நான நாள் முக்கியம். கலியாண நாளைவிடக் கோயிலில் ஓலை வாசித்த நாள் முக்கியம். சாவைப் பல சேகரங்கள் பதியவே இல்லை. 1783இல் அரசு ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டது. 1794இல் வரி நீங்கும்வரை ஏழைகள் பலர் பிள்ளைகளின் பெயரைப் பதியாமலே விட்டார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிறந்தவர்கள்தான் பின்னால் பெரும் எண்ணிக்கையில் கப்பல் ஏறிய தலைமுறை. ஒரு பேரன் இன்று ஒட்டாவாவில் உட்கார்ந்து தாத்தாவின் தாத்தாவைக் காணோம் என்று தவிப்பதற்கு, அந்த மூன்று பென்ஸ் காரணமாக இருக்கக்கூடும்.

பெயர்களே இன்னொரு சிக்கல். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர் என்று வைப்பது அங்கே பரவலான வழக்கம். தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைத்துப் பழகிய தமிழ்க் குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த முறை தேடுபவருக்கு வழிகாட்டும். அதுவே குழப்பவும் செய்யும். ஒரு டொனால்ட் மக்காய்க்கு நான்கு மகன்கள் என்றால், இரண்டு தலைமுறையில் அதே பள்ளத்தாக்கில் நான்கு டொனால்ட் மக்காய்கள் இருப்பார்கள். ஊருக்குள் கேலிக் மொழியில் தந்தை, பாட்டன் பெயர்களை அடுக்கியும், முடியின் நிறத்தைச் சொல்லியும் பிரித்தறிந்தார்கள். பதிவேட்டில் எழுதிய போதகரோ ஆங்கிலத்தில் டொனால்ட் மக்காய் என்று மட்டும் எழுதி மூடிவிட்டார். ஒரு நல்ல விஷயம்: ஸ்காட்டிஷ் ஆவணங்களில் கலியாணமான பெண் தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை இழப்பதில்லை. கல்லறைக் கல்லிலும் அந்தப் பெயரே இருக்கும். தாய்வழியைத் தொடர்வதற்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பெண்களைத் தேடுபவர்கள் கட்டாயம் போக வேண்டிய இன்னொரு இடம், சபை மூப்பர் மன்றத்தின் குறிப்பேடுகள். படிக்க மனம் பதறும் பக்கங்கள் அவை. கலியாணமாகாமல் கருவுற்ற வேலைக்காரப் பெண்ணை அழைத்து, குழந்தைக்குத் தகப்பன் யார் என்று மூப்பர்கள் கேட்பார்கள். பெயர் சொல்லும்வரை விடமாட்டார்கள். பிறகு ஞாயிறுதோறும் சபை முன்னால் தண்டனை இருக்கையில் உட்கார வைப்பார்கள். ஏழைக் குழந்தையின் பாரம் சபையின் தலையில் விழுந்துவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. இன்று ஒரு குடும்பம் தன் வம்சத்தில் விடுபட்ட ஆணை அங்கே கண்டுபிடித்து மகிழ்கிறது. அந்த மகிழ்ச்சி, அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கிய பதிலால் வந்தது. அதைத் தெரிந்தே படிக்க வேண்டும்.

1843இல் திருச்சபை பிளந்தது. சுமார் 450 போதகர்கள் வெளியேறிச் சுயாதீன சபையை அமைத்தார்கள். அவர்கள் பின்னால் போன குடும்பங்கள் பழைய பதிவேட்டிலிருந்து மறைந்துபோயின. 1855இல் அரசே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் கட்டாயமாகப் பதியத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டின் படிவம் கேட்ட கேள்விகள் அசாதாரணமானவை. இறந்தவரின் பெற்றோர், பிறந்த ஊர், துணை, பெற்ற பிள்ளைகள் எல்லோருடைய பெயர், புதைத்த இடம் எல்லாம் அதில் உண்டு. வேலைப்பளு தாங்காமல் அடுத்த ஆண்டே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பின்னும் இறந்தவரின் பெற்றோர் பெயர் படிவத்தில் தொடர்ந்தது. அதனால் 1820இல் கப்பல் ஏறியவரைத் தேடுபவர், ஊரிலேயே தங்கி 1855க்குப் பிறகு இறந்த அண்ணனையோ தங்கையையோ தேடினால் பெற்றோர் கிடைத்துவிடுவார்கள். போனவரைப் பற்றிய விடை பல சமயம் போகாதவரிடம் இருக்கிறது. புலம்பெயர்ந்தவரை மட்டும் வீரராக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அந்தத் தங்கையின் இறப்புச் சான்று திறக்கப்படாமலே கிடக்கிறது.

கோர்டன் கிளம்பிய காலத்துக்கும் 1855க்கும் இடையில் கேட்பவர்களின் மனமும் மாறிவிட்டது. 1803இல் பயணிகள் கப்பல் சட்டம் வந்தது. கப்பலில் இடமும் உணவும் இவ்வளவு இருக்க வேண்டும் என்றது. பயணிகளின் நலனுக்காகவே என்று சொல்லப்பட்டது. ஆனால் அந்த நேரத்தில் மேற்குக் கரை நிலக்கிழார்களுக்குக் கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் தொழில் பெரும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கூலி ஆள் வேண்டும். சட்டத்தால் கப்பல் கட்டணம் ஏறினால் ஆள் போகமாட்டான். நெப்போலியன் போர்கள் முடிந்து மலிவான வெளிநாட்டுச் சரக்கு வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. அதே நிலக்கிழார்கள் அதே மனிதர்களை மிகையான சுமையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். சதர்லாந்தில் அதற்கு முன்பே உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளைக் காலி செய்து ஆட்டுப் பண்ணைகளாக்கும் வேலை நடந்துவிட்டது. ஸ்ட்ராத்நேவரில் 1814இல் நடந்த வெளியேற்றத்துக்காகக் காரியஸ்தர் பேட்ரிக் செல்லர் மீது 1816இல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது, விடுதலையானார். 1846இல் உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்துக்குப் பின், 1852 முதல் 1857 வரை, மேட்டுநிலத் தீவுக் குடிபெயர்ச்சிச் சங்கம் சுமார் 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அந்தச் சங்கத்தின் பட்டியல்கள் குடும்பம் குடும்பமாக, வயதோடும் ஊரோடும் துல்லியமாக இருக்கின்றன. பயணச் செலவில் ஒரு பகுதியைக் கடனாகத் திரும்ப வாங்க வேண்டுமே.

எல்லாரும் மேட்டுநிலத்தார் என்றும் எண்ணிவிடக் கூடாது. கடல் கடந்த ஸ்காட்டுகளில் பெரும்பான்மையோர் தாழ்நிலத்தார்: நெசவாளர், பண்ணைக் கூலி, கொத்தனார், எழுத்தர். 1820, 1821ஆம் ஆண்டுகளில் கிளாஸ்கோ, லனார்க் பகுதி நெசவாளர்கள் சங்கம் சேர்த்து மேல் கனடாவுக்குப் போனார்கள். அவர்கள் போன இடத்துக்கு லனார்க் என்றே பெயர் வந்தது. இவர்களுடைய வாரிசுகளும் இன்று கட்டம்போட்ட டார்ட்டன் துணி அணிந்து கூட்டத்தின் பெயரைத் தேடுகிறார்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட் நடத்திய வரவேற்பு, மேட்டுநில உடையை ஸ்காட்லாந்து முழுமைக்குமான அடையாளமாக ஆக்கிவிட்டது. பெய்ஸ்லி ஊர்த் தறிக்காரர் ஒருவரைக் கூட்டத் தலைவனின் படைவீரராக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தறியில் அவர் நெய்த சால்வையைப் பற்றித் தெரிந்துகொள்வதே மரியாதை.

போய்ச் சேர்ந்த இடத்தின் ஆவணங்கள் இன்னும் கடினமானவை. 1739இல் ஆர்கைலிலிருந்து சுமார் 350 பேர் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றங்கரையில் குடியேறியதில் தொடங்கி, அங்கே கேலிக் பேசும் பெரிய சமூகமே உருவாயிற்று. குத்தகைக்காரராக இருந்தவர்கள் அங்கே நிலச் சொந்தக்காரர் ஆனார்கள். அவர்களில் பலர் அடிமைகளின் சொந்தக்காரரும் ஆனார்கள். நிலம் வாங்கிய பத்திரம் இருக்கும் அதே பதிவேட்டில், மனிதர்களை வாங்கி விற்ற பத்திரமும் இருக்கிறது. 1850, 1860 குடிக்கணக்குகளில் அடிமைகளுக்குப் பெயர் இல்லை. உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும். அந்த மனிதர்கள் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு தோன்றுவது 1870 கணக்கில்தான். அப்போது பலருடைய குடும்பப் பெயர் மக்நீல், கேம்பல். இன்று கேப் ஃபியர் பகுதிக் கறுப்பினக் குடும்பம் ஒன்று தன் வேரைத் தேடும்போதும் ஸ்காட்லாந்துதான் குறுக்கே நிற்கிறது. நோவா ஸ்கோஷியாவில் ஹெக்டர் வந்திறங்கிய கரை மிக்மாக் மக்களுடையது. எட்டு மெர்க்கிலிருந்து அறுபது மெர்க்குக்கு ஏறிய குத்தகையை எழுதும் குடும்ப வரலாறு, இதையும் எழுதினால்தான் முழுமையாகும் என்பது என் உறுதியான எண்ணம். நிலத்தை இழந்தவர் இன்னொருவர் நிலத்தில் குடியேறினார். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் நடந்தவை.

இந்த வழியில் வந்தால் தமிழருக்கும் ஒரு கிளை உண்டு. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களை நடத்திய துரைமார்களில் ஸ்காட்டுகள் ஏராளம். கின்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852இல், பதினாறு வயதில், கண்டிக்கு வந்தார். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892இல் இறந்து கண்டியிலேயே அடக்கமானார். ஊரிலிருந்த தந்தைக்கு அவர் எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய சேகரம், பெற்றோர், சம்பளம், உடல்நலம், மனநிலை எல்லாவற்றையும் இன்று ஒருவர் படித்துவிடலாம். அந்தத் தலைமுறைத் தோட்டங்களில் காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி என்ற மேற்பார்வையாளரோடு மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியில் விழுந்தவர்களின் பெயரை யாரும் கேட்கவில்லை. நடந்து முடித்தவர்களின் பெயர் தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறியது. வாங்கிய முன்பணம் கங்காணியின் கணக்கில் ஏறியது.

1948இல் இலங்கை அரசு ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும் என்றது. வம்சாவளி ஆராய்ச்சி என்பது ஓய்வு நேர ஆசையாக இல்லாமல், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்த ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் சட்டம் சுமத்திய கடமையாயிற்று. அதைக் காட்ட முடியாமல் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்களில் பலருடைய பாட்டன்மார்களைப் பற்றித் தோட்டத்துக் கணக்கில் தாள் இருக்கத்தான் செய்தது. காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு வந்தாரா, எத்தனை ராத்தல் கொழுந்து, கங்காணிக்கு எவ்வளவு கடன் என்பதை அந்தக் கணக்கு நாள்தோறும் கேட்டு எழுதியது. எங்கே பிறந்தார், யாருக்குப் பிறந்தார் என்று அது கேட்டதில்லை.